கீழே போகப் போக வேகம் கூடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் வந்த தனிம வரிசை அட்டவணைக் கட்டுரையைப் படித்தேன். படம் அருமை, ஆனால் எந்தத் தொகுதியை (அட்டவணையில் மேலிருந்து கீழாக நிற்கும் வரிசையை) எடுத்தாலும் கீழே போகப் போக வினைபுரியும் வேகம் கூடும் என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள், அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. இருபது வருடமாக வேதியியல் எடுக்கிறேன், பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இடது ஓரத்துக் கார உலோகங்களுக்கு அது சரி. மண்ணெண்ணெயில் கிடக்கும் சோடியத்தை இடுக்கியால் எடுத்து வடிதாளில் ஒற்றிக் கத்தி வைத்தால், சோப்புக் கட்டி போல வெட்டுப்படும். வெட்டிய முகம் பளபளவென்று இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். பயறு அளவுத் துண்டைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் தன் சூட்டிலேயே உருகி உருண்டையாகி, உஸ்ஸென்று தண்ணீர்மேல் அங்குமிங்கும் ஓடும். காரத்தில் நிறம் மாறும் பினாப்தலீனை முன்பே இரண்டு சொட்டு விட்டிருந்தால் ஓடிய தடமெல்லாம் ரோஸ் நிறம். பொட்டாசியமோ போட்ட உடனே கத்தரிப்பூ நிறத்தில் தீப்பிடிக்கும், இன்னும் கீழே இருக்கும் சீசியம் வெடித்தே விடும். அணு பெரிதாகப் பெரிதாக வெளிக்கூட்டில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரான் அணுக்கருவை விட்டுத் தள்ளிப்போகிறது, சுலபமாகக் கழன்றுவிடுகிறது.

வலப்பக்கம் ஃப்ளூரின், குளோரின், அயோடின் போன்ற ஹாலஜன்கள் எலக்ட்ரானை விடுபவை அல்ல, இழுப்பவை. அங்கே அணு சிறிதாக இருந்தால்தான் பிடி பலமாக இருக்கும், அதனால் உச்சியில் இருக்கும் ஃப்ளூரினுக்குத்தான் வேகம் அதிகம். அதைத் தனியாகப் பிரிக்க முயன்று உயிரை விட்டவர்களும் உண்டு, கடைசியில் 1886இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி முவாசான் பிரித்தெடுத்தார். வகுப்பில் அதைக் காட்ட முடியாது, ஆனால் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் குளோரின் நீரை விட்டால் அயோடின் வெளியேறிக் கரைசல் பழுப்பாகும், மேலே இருப்பது கீழே இருப்பதை விரட்டுவது கண்ணெதிரே தெரியும்.

நடுவிலும் பாருங்கள். செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் ஒரே தொகுதி. செம்புக் குடம் களிம்பேறுகிறது, வெள்ளிக் கொலுசு கறுக்கிறது, அடியில் இருக்கும் தங்கம் அப்படியே இருக்கிறது!

அப்புறம், வலது ஓரத்தில் இருக்கும் மந்த வாயுக்கள் எதனுடனும் சேராது என்ற வரியையும் மாற்ற வேண்டும். கனடாவில் நீல் பார்ட்லெட் என்ற வேதியியலாளர் 1962இலேயே செனான் என்ற மந்த வாயுவை பிளாட்டினம் ஹெக்சாஃப்ளூரைடுடன் சேர்த்துக் காட்டிவிட்டார், அதுவும் சாதாரண அறை வெப்பத்தில். ஆக்சிஜனிடமிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்குகிற பொருள் அது, செனானிடம் பிடுங்கவும் கிட்டத்தட்ட அதே ஆற்றல்தானே வேண்டும் என்று அவர் யோசித்தாரே, அந்த யோசனையைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். இடப்பக்கம் கீழ்நோக்கி ஓர் அம்பு, ஹாலஜன்கள் பக்கம் மேல்நோக்கி ஓர் அம்பு வரைந்தால் போதும். என் வகுப்புப் பிள்ளைகள் உங்கள் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், புதியது வந்ததும் அதன் மேலேயே ஒட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை