நீ பச்சையாக்க வேண்டிய பக்கங்கள்

அன்புள்ள செண்பகம்,

உன் கடிதம் செவ்வாயன்று கிடைத்தது. இரண்டாவது கண்ணுக்கும் புரை எடுத்தாயிற்று, கட்டைப் பிரித்ததும் முதலில் பேத்தியின் முகம்தான் தெரிந்தது என்ற இடம் வரை படித்தேன். அப்படியே மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சாமி விளக்கை ஏற்றினேன். மீதியை அப்புறம்தான் படித்தேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கொல்லை முருங்கை இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது.

மகன் கிண்டில் என்ற மின்னூல் படிக்கும் கருவியை வாங்கி அனுப்பி ஒரு மாதமாகிறது, பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்கிறாய். அதை இன்றைக்கே வெளியே எடு. எவ்வளவு நேரம் படிக்கலாம் என்று கண் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், அது போதும். போன் திரை மாதிரிக் கண் கூசுமோ என்று பயப்படுகிறாய். கூசாது. அந்தத் திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள் இருக்கின்றன. மின்சாரம் பட்டதும் வேண்டிய இடத்தில் கறுப்பு மேலே வந்து எழுத்தாக நிற்கும். நின்றபின் மின்சாரமே தேவையில்லை. பக்கம் திருப்பும்போதுதான் மறுபடி வேலை. அதனால்தான் ஒரு முறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருகிறது. விளக்கும் ஓரங்களிலிருந்து எழுத்தின் மேல் விழுகிறதே தவிர, நம் கண்ணுக்குள் பாய்வதில்லை. காகிதத்தில் படிப்பது போலத்தான்.

பக்கத்தின் மேல்பகுதியைத் தொட்டால் எழுத்தின் அளவை மாற்றும் இடம் வரும். செண்பகம், எனக்கு இந்த ஒன்றே போதும். நாலு வருஷமாக நான் புத்தகம் படிக்கவில்லை என்பதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. கண்ணாடியை மாற்றினேன், பூதக்கண்ணாடி வாங்கினேன். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் தலை வலிக்கும், மூடி வைத்துவிடுவேன். யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால் வீட்டு வேலை சரியாக இருக்கிறது என்பேன். இந்தக் கருவி வந்த அன்று எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன், ஒரு வரிக்கு நாலு வார்த்தைதான் நிற்கிறது என்கிற அளவுக்கு. அன்றிரவு மணி ஒன்றரை வரை படித்தேன். அழுகையும் வந்தது.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். திறந்ததும் விலைக்கு உள்ள புத்தகங்கள் வரிசையாக வந்து நிற்கும், அவற்றைப் பார்த்து மலைக்காதே. ஒவ்வொரு கிண்டிலுக்கும் தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. உன் முகவரியிலிருந்து வருவதை ஏற்றுக்கொள்ளும்படி மகனைவிட்டு ஒரு தரம் பதிவு செய்துவிட்டால் போதும். அப்புறம் கோப்பை இணைத்து அந்த முகவரிக்கு அனுப்பினால், வைஃபை இருக்கும் இடத்தில் தானாக வந்து இறங்கிவிடும். கோப்பு 'ஈபப்' என்ற வகையாக இருக்கட்டும். முன்பு 'மொபி' என்று வேறொன்று கேட்டார்கள். 2022-லிருந்து ஈபப்பையே அனுப்பலாம்.

பிடிஎஃப் வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதில் பக்கம் அச்சடித்தபடியே உறைந்து நிற்கும். ஆறு அங்குலத் திரையில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். முதல் இரண்டு வாரம் நான் அதோடுதான் மல்லுக்கட்டினேன். ஈபப் என்றால் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரிகள் தாமே மடங்கி உள்ளே அடங்கும்.

இலவசமாக, அதுவும் முறைப்படி கிடைக்கும் இடங்களில் நான் முதலில் போனது மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகம். 1998 பொங்கலன்று தொடங்கினார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். பல நாட்டுத் தமிழர்கள் ஆளுக்கொரு நூலாகத் தட்டச்சு செய்து தந்திருக்கிறார்கள். திருக்குறளும் சங்கப் பாட்டும் இருக்கின்றன, கல்கியும் இருக்கிறார். பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் இருப்பதைப் பார்த்ததும் உன் அத்தை வீட்டுப் பரண்தான் ஞாபகம் வந்தது. வாரப் பத்திரிகையிலிருந்து தொடரைக் கிழித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்திருந்தார்களே, நமக்கு ஒரு வாரத்துக்கு ஒரு தொகுதி என்று கணக்கு. பகலில் நான், ராத்திரி நீ. எண்ணெய்க் கையோடு தொட்டதற்கு வாங்கிய திட்டு வேறு.

ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது. இன்றைக்கு எழுதுகிறவர்கள் தாங்களே மனமுவந்து, யாரும் படிக்கலாம் பகிரலாம் என்ற உரிமத்தில் தந்தவை. ஈபப்பாகவே கிடைக்கும். இங்கிலீஷ் வேண்டுமென்றால் குட்டன்பர்க் திட்டம் என்ற இலவச இணைய நூலகம் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. உங்கள் வாட்ஸப் குழுவில் நாவல்களின் பிடிஎஃப் சுற்றுகிறது, அதையும் ஏற்றலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நம் சட்டப்படி எழுதியவர் காலமாகி 60 வருஷம் வரை உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு. ஜெயகாந்தன் 2015-ல் போனார். அப்படியென்றால் 2075 முடிய. அரசே உரிமையை நாட்டுடைமை ஆக்கினால் வேறு கதை. பாரதியாருக்கு 1949-லேயே அது நடந்தது. இப்போது உயிரோடு இருந்து எழுதுகிறவர்களுக்குப் புத்தகம் விற்றுக் கிடைப்பதே சொற்பம். அதையும் நாம் பறிக்கக் கூடாது. மாதம் ஒரு புத்தகமாவது காசு கொடுத்து வாங்கு. நானும் அப்படித்தான் செய்கிறேன்.

மதுரைத் திட்டத்து நூல்களைத் திறந்தால் தொடக்கத்திலேயே நன்றி என்று சில பெயர்கள் இருக்கும். தட்டச்சு செய்தவர், பிழை பார்த்தவர். நான் அதை ஒரு தரம் படித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். முகம் தெரியாத யாரோ வேலை முடிந்து வந்து ராத்திரி உட்கார்ந்து அடித்ததை நான் சும்மா படுத்துக்கொண்டு படிக்கிறேன் என்பது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. அப்படித்தான் விக்கிமூலத்துக்குப் போனேன். பழைய நூல்களைப் பலர் சேர்ந்து பிழை திருத்தி ஏற்றும் இணைய நூலகம் அது.

நாட்டுடைமை ஆன நூல்கள் சுமார் 2,000 அங்கே படமாக ஏறியிருக்கின்றன. ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒருபுறம் பழைய புத்தகத்தின் படம், இன்னொருபுறம் கணினி அதைப் பார்த்து எழுதிய எழுத்து. கணினி எழுதுவதில் பிழை வரும். துணைக்கால் 'ா'வையும் 'ர'வையும் மாற்றிப் போட்டுவிடும். யானைத் துதிக்கை மாதிரிச் சுழித்த பழைய 'லை', 'னை' எல்லாம் அதற்குப் பிடிபடுவதில்லை. 1978-ல் எழுத்து மாறியதற்கு முன்பே அவற்றை எழுதிப் பழகிய கை நம்முடையது. இந்த வேலைக்கு நம்மைவிட்டால் யார்?

யாரும் பார்க்காத பக்கம் சிவப்பாக இருக்கும். ஒருவர் பிழை திருத்தியதும் மஞ்சளாகும். இரண்டாமவர் ஒருவர் சரிபார்த்தால்தான் பச்சை. நான் திருத்தியதை நானே பச்சையாக்க முடியாது. இரண்டாவதாக இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும்.

112 பக்கமுள்ள ஒரு பழைய கட்டுரைத் தொகுப்பை எடுத்துக்கொண்டேன். தினம் மதியம் இரண்டு பக்கம். இதுவரை 63 பக்கம் மஞ்சளாகியிருக்கிறது. சுட்டியை உன் மகன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கண் நன்றாக ஆறியதும் உனக்கென்று ஒரு கணக்குத் தொடங்கச் சொல். முதல் பக்கத்திலிருந்து வா. நான் பகலில் பார்க்கிறேன், நீ உன் வழக்கப்படி ராத்திரி பார்.

அன்புடன்,
மீனாட்சி