131 என்று ஒரு கோடு இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

ஒன்றரை மாதமாக அப்பாவின் பிரஷர் என்று போனில் நான் உனக்குச் சொன்ன எண்களை எல்லாம் அடித்துவிடு. பொய் சொல்லவில்லை. தப்பாகப் பார்க்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

போன வாரம் நோட்டை நர்ஸிடம் காட்டினேன். முதல் பக்கத்தில் 131/93. "மீட்டரில் 131 எங்கம்மா இருக்கு, காட்டுங்க" என்றாள். அதில் இரண்டிரண்டாகத்தான் கோடு. 130 உண்டு, 132 உண்டு. துல்லியமாக எழுதினால் டாக்டர் மெச்சுவார் என்று நினைத்தேனோ என்னவோ!

பட்டன் மெஷின் போதாதா என்று கேட்டாயே. அப்பாவுக்கு நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு மெஷின் சில நேரம் தடுமாறும், காதால் கேட்டுப் பார்ப்பது நல்லது என்று டாக்டர்தான் சொன்னார்.

நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே செய்யச் சொன்னாள். பட்டையைச் சட்டைக் கைமேல் சுற்றப் போனேன். வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே சுற்றவைத்தாள். கை நெஞ்சு உயரத்துக்கு மேஜைமேல் இருக்க வேண்டுமாம், நான் இத்தனை நாள் மடியில் தொங்கவிட்டிருந்தேன். முதலில் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டே பந்தை அமுக்கினேன். நாடி மறைந்த இடத்திலிருந்து இன்னும் 30 ஏற்றி, ஸ்டெதஸ்கோப்பை மடிப்பில் வைத்துக் காற்றை விட்டேன். புஸ்ஸென்று போய்விட்டது. அங்கேதான் என் தப்பு. முள் வேகமாக இறங்கினால் முதல் ஓசையைத் தாமதமாகப் பிடிக்கிறோம், மேல் எண் குறைந்துபோகிறது. கடைசி ஓசை எந்தக் கோட்டில் நின்றது என்று பார்ப்பதற்குள் முள் எங்கோ போய்விடுகிறது. நொடிக்கு ஒரு கோடு, அவ்வளவுதான் இறங்கலாம். காற்றை விடும் திருகை விரல் நுனியால் மயிரிழை திருப்பிப் பழக எனக்கு நாலு நாள் ஆயிற்று.

முள் துள்ள ஆரம்பித்ததும் அதை எழுதிவிடக் கூடாது. சத்தம் வருமுன்பே அது துள்ளும். 'டொக்' என்று காதில் விழுவது மேல் எண், சத்தம் அடங்குவது கீழ் எண். 1905-இல் கொரோட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர் இந்த ஓசையைச் சொல்லும்வரை நாடியைத் தொட்டு மேல் எண்ணை மட்டும்தான் பார்த்தார்களாம். அப்பா இதைப் படித்துவிட்டு எனக்கே பாடம் எடுக்கிறார், அதுவும் பட்டை கட்டியிருக்கும்போது. பேசினால் பிரஷர் ஏறும் என்று சொன்னால் அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். ஐந்து நிமிஷம் வாய் திறக்காமல் உட்காரவைப்பதுதான் இந்த வேலையிலேயே பெரிய வேலை.

இப்போது காலையும் மாலையும், ஒரு நிமிஷம் இடைவெளி விட்டு மும்மூன்று தடவை பார்க்கிறேன். ஏழு நாள் சராசரி 146/84. வீட்டில் பார்த்தால் 135/85-க்குள் இருக்க வேண்டும். கீழ் எண் பரவாயில்லை, மேல் எண்தான் இடிக்கிறது. மாத்திரையை நானாகக் கூட்டவில்லை, பயப்படாதே. நோட்டோடு வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம். அன்று ராத்திரி கூப்பிடு. அப்பாவிடம் கேட்காதே, 130 என்பார்.

அம்மா