டேபிளில் உட்காருகிறவர்களுக்கு பஸ் காசாவது கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாஸ்டர்ஸ் ஹாக்கி பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எப்போதாவது ஒரு செய்தி வரும். நான் விடாமல் படிப்பேன். யார் ஜெயித்தார்கள், எத்தனை கோல், கோப்பை கொடுத்தது யார், பொன்னாடை போர்த்தியது யார், எல்லாம் இருக்கும். அந்த ஆட்டத்தை இழுத்துப் பிடித்து நடத்தியது யார் என்பது மட்டும் இருக்காது. குறை சொல்வதற்காக எழுதவில்லை (சரி, கொஞ்சம் குறையும்தான்). அப்படி நடத்துகிறவர்களில் நானும் ஒருத்தி, அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் நாட்டில் மாஸ்டர்ஸ் என்றால் பெண்களில் 35 வயது நிரம்பியவர்கள், ஆண்களில் 40 நிரம்பியவர்கள். வெளிநாடுகளில் இது பல வருடமாக நடக்கிறது. 35, 40, 45 என்று ஐந்தைந்து வயதாகப் பிரித்து, அறுபது தாண்டிய பெண்களுக்குக்கூட உலகக் கோப்பை வைக்கிறார்கள். இங்கே ஹாக்கி இந்தியா முதல் தேசிய மாஸ்டர்ஸ் கோப்பையை நடத்தியது 2025 ஜூனில்தான், அதுவும் நம் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில். 1982 டெல்லி ஆசியப் போட்டியில் எலிசா நெல்சன் தலைமையில் நம் பெண்கள் தங்கம் வாங்கியபோது எனக்கு ஒன்பது வயது. பேப்பரில் வந்த செய்தியை வெட்டி நோட்டு அட்டையில் ஒட்டி வைத்திருந்தேன். அந்த வயதில் மட்டை பிடித்தவர்களுக்கு மறுபடி ஆட ஓர் இடம் கிடைக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

நான் கோவில்பட்டிக்காரி. கடலைமிட்டாய்க்கு அடுத்தபடியாக எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது ஹாக்கிதான். கோடையில் அகில இந்தியப் போட்டி நடக்கும்போது ஆட்டோக்காரர் முதல் டீக்கடை அண்ணாச்சி வரை பெனால்டி கார்னர் பற்றிக் கருத்து சொல்வார்கள். நாங்கள் ஆடிய காலத்தில் டர்ஃப் என்கிற செயற்கைப் புல்தரை எல்லாம் இல்லை, சரளை மண்தான். விழுந்தால் முழங்கால் தோல் போய்விடும். கல்லூரி வரை ஆடினேன், கல்யாணம் ஆனது, மட்டை பரணுக்குப் போனது. ஒன்றிரண்டு வருடத்துக்கு முன்பு பழைய தோழிகள் சேர்ந்து ஆடலாம் என்றபோது ஆசை ஆசையாகப் போனேன். இருபது நிமிடத்தில் வலது முழங்கால் 'போதும்' என்றுவிட்டது. டாக்டர் ஓடக்கூடாது என்றார். உட்காரக்கூடாது என்று சொல்லவில்லையே, அதனால் டேபிளில் உட்கார்ந்தேன்.

டேபிள் என்றால் மைதானத்தின் ஓரம் நடுக்கோட்டுக்கு நேராகப் போட்டிருக்கும் மேஜை. ஸ்கோர் எழுதுவது, நேரம் பார்ப்பது, வீராங்கனைகளின் பட்டியலைச் சரிபார்ப்பது, தப்பாக ஆடி நடுவரிடம் அட்டை வாங்கியவர்களை உட்கார வைப்பது எல்லாம் அங்கேதான். பெரிய போட்டிகளில் இதற்கென்று பயிற்சி பெற்ற அதிகாரிகள் இருப்பார்கள். மாவட்ட அளவில் நாங்களாகச் சேர்ந்து நடத்தும் பெண்கள் ஆட்டங்களில் யாருக்கு முழங்கால் போய்விட்டதோ அவர்கள்தான் அதிகாரி.

போன வருடம் பக்கத்து மாவட்டம் ஒன்றில் ஆறு அணிகள், இரண்டு நாள். ஊர்ப் பெயர் வேண்டாம். விடிகாலை பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தால் முதல் வேலை வயது சரிபார்ப்பது. சின்ன வயதில் ஜூனியர் டீமில் ஆட வயதைக் குறைத்துச் சொன்னவர்கள் இப்போது வயது கூட இருக்கிறது என்று ஆதார் அட்டையை மேஜையில் தட்டிச் சண்டை போடுகிறார்கள். ஒரு பெண், பாவம், நிஜத்தில் 34-தான். ஆனால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் அவசரத்துக்குப் போட்டுவிட்ட பிறந்த தேதி ஆதார் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டதால் காகிதப்படி 35 ஆகிவிட்டது. காகிதம் சொல்வதைத்தானே நாங்கள் கேட்க முடியும், ஆடச் சொன்னோம். அந்தப் பெண்தான் அன்றைக்கு மூன்று கோல் போட்டாள்.

அப்புறம் முகக்கவசம். பெனால்டி கார்னரில், அதாவது கோலுக்கு முன்னால் எதிரணிக்குக் கிடைக்கும் தனி வாய்ப்பில், பந்து மனிதரைப் பார்த்து நேராக வரும், அதனால் கோல் கீப்பர் போக மற்ற நால்வரும் முகத்துக்குக் கவசம் மாட்டித்தான் கோட்டிலிருந்து ஓடி வருவார்கள். ஓர் அணிக்கு நான்கு வேண்டும். எங்களிடம் இருந்தது மொத்தமே ஐந்து, அதுவும் ஒரு பள்ளிக்கூடப் பையன்களிடம் இரவல் வாங்கியது. ஆக, இந்தப் பக்கம் கார்னர் முடிந்ததும் கவசங்களைப் பொறுக்கிக்கொண்டு அந்தப் பக்கக் கோலுக்கு ஓட ஆள் வேண்டும். கல்லூரியில் படிக்கும் அக்காள் தங்கை இருவர் நாள் முழுக்க அந்த ஓட்டம் ஓடினார்கள். வீராங்கனைகளாவது மூச்சு வாங்கினால் மாற்று ஆளை இறக்கிவிட்டு வெளியே வந்துவிடலாம், ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கவசம் பொறுக்குகிற பிள்ளைகளுக்கு மாற்று ஆள் கிடையாது. சாயங்காலம் அந்தப் பெரியவளின் செருப்பைப் பார்த்தேன், வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கூட இருந்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு வீராங்கனைக்கு நடுவர் பச்சை அட்டை காட்டினார். இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும், நேரம் பார்ப்பது டேபிளின் பொறுப்பு. தனியாக ஸ்டாப்வாட்ச் இல்லை, என் செல்போனில்தான் ஓடவிட்டேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும், போன் அடிக்கிறது. "அம்மா, சிலிண்டர் கொண்டாந்திருக்கேன், ஓடிபி சொல்லுங்க." வீட்டு வாசலில் நிற்கிற மனிதரைத் திருப்பி அனுப்பினால் அடுத்து எப்போது வருவாரோ, எந்தப் பெண்ணுக்கும் அந்த பயம் இருக்கும். மெசேஜைத் தேடி நான்கு எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த வீராங்கனை "டைம் ஆச்சாக்கா?" என்று கேட்டாள், நான் தலையை ஆட்டிவிட்டேன், அவள் ஓடிவிட்டாள். ஸ்டாப்வாட்சைத் திரும்பப் பார்த்தால் இன்னும் இருபது விநாடி பாக்கி. எதிரணி கேப்டன் வந்து கத்தியது நியாயம்தான். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல, கேஸ் வந்துவிட்டது என்றா?

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த சிலிண்டர் கதையில்தான் விஷயமே இருக்கிறது. ஆண்கள் மாஸ்டர்ஸ் ஆடப் போனால் வீட்டைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் இருக்கிறது. பெண்கள் ஆட்டத்தில் அந்த ஆளே மைதானத்துக்கு வந்துவிடுகிறாள். அவளோடு நான்கு வயதுப் பிள்ளை வருகிறது, சில சமயம் மாமியாரின் மாத்திரை டப்பாகூட வருகிறது. ஆகவே பெண்கள் ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுத, தண்ணீர் கொடுக்க ஆள் இருந்தால் மட்டும் போதாது. அம்மா உள்ளே ஓடும்போது கோட்டுக்கு வெளியே நின்று அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். அன்றைக்கு ஒரு குழந்தை, அதன் அம்மா கோல் கீப்பர், தலைக்கவசமும் காலில் அவ்வளவு பெரிய பேடும் மாட்டியதும் அம்மா என்றே நம்ப மறுத்துவிட்டது. முழு ஆட்டமும் ஒரு ஓய்வுபெற்ற பி.டி. டீச்சர் இடுப்பிலேயே இருந்தது. அவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். அவர் இல்லை என்றால் அந்த அணிக்கு அன்று கோல் கீப்பர் இல்லை, கோல் கீப்பர் இல்லை என்றால் ஆட்டமே ஒருபக்கமாகப் போயிருக்கும். இதை எந்த ஸ்கோர்ஷீட்டில் எழுதுவது?

இப்போது காசுக்கு வருகிறேன். நடுவர்களுக்கு பேட்டா உண்டு, கொடுக்கத்தான் வேண்டும், வெயிலில் ஓடுகிறார்கள். டர்ஃபுக்கு வாடகை. தண்ணீர் லாரிக்குக் காசு, ஏனென்றால் அந்தத் தரையை நனைக்காமல் ஆடினால் விழுந்தவர்களுக்குத் தோல் தீய்ந்துபோகும். மைக் செட்டுக்குக் காசு, ஷாமியானாவுக்குக் காசு. டேபிளில் இருந்த எங்கள் ஏழு பேருக்குக் கடைசி நாள் மேடையில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடையைக் காட்டினால் கண்டக்டர் டிக்கெட் கொடுப்பாரா? அந்தக் கவசம் பொறுக்கிய பிள்ளைகள் இருவரும் இரண்டு நாள் வந்துபோன பஸ் செலவு அவர்கள் அப்பாவின் அரை நாள் கூலி. அவர் கட்டட வேலைக்குப் போகிறவர்.

இதைச் சொன்னால், "சேவை மனப்பான்மை வேண்டும்மா" என்று ஒரு பதில் வரும். சொல்கிறவர் பெரும்பாலும் காரில் வந்து முதல் பந்தைத் தட்டிவிட்டுப் போகிறவராக இருப்பார். எங்களுக்கு சேவை மனப்பான்மை இல்லாமலா கழிப்பறைக் கதவு பூட்டிக் கிடந்த மைதானத்தில் இரண்டு நாள் இருந்தோம்? சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் ஒரு கல்யாண வீட்டில். வீராங்கனைகள், தன்னார்வலர்கள் என்று கிட்டத்தட்ட நூறு பெண்கள் எதிர்த்த தெருவில் ஒரு வீட்டு அம்மாவிடம் போய் நின்றோம். அந்த அம்மா முகம் சுளிக்காமல் மோட்டாரைப் போட்டுவிட்டார். தன்னார்வலர் பட்டியலில் அவர் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாஸ்டர்ஸ் ஆடுகிற பெண்களும் சொந்தக் காசில்தான் வருகிறார்கள். ரயில்வேயிலும் போலீசிலும் வேலை பார்ப்பவர்களுக்குப் பரவாயில்லை. பீடி சுற்றுகிறவர், தீப்பெட்டி ஆபீஸ் போகிறவர் என்று ஒரு காலத்தில் மாவட்டத்துக்கு ஆடியவர்களும் இதில் இருக்கிறார்கள், அவர்கள் தலையில் நுழைவுக் கட்டணத்தை ஏற்றி எங்களுக்குப் பேட்டா கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. அதனால்தான் சம்பளம் கேட்கவில்லை. பஸ் காசும் மதியச் சாப்பாடும் கேட்கிறேன். ஷாமியானாவில் ஒரு பந்தலைக் குறைத்தால் வந்துவிடும், கணக்கு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அதைவிட முக்கியமாக வேண்டியது பயிற்சி. மாவட்டத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, டேபிள் வேலையை முறையாகச் சொல்லித் தர ஏற்பாடு செய்தால் என்னைப் போல ஓட முடியாமல் போன எத்தனையோ பேர் வருவோம். பச்சை அட்டைக்கு இரண்டு நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது ஐந்து என்பதெல்லாம் ஆடினவர்களுக்குத் தெரியும். அதை எப்படிப் பதிவது, பட்டியலில் யார் கையெழுத்து எங்கே, இடையில் ஆட்சேபம் வந்தால் யாரிடம் போவது என்பதுதான் தெரியாது. ஒரு சான்றிதழும் கொடுத்துவிட்டால் பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் டேபிளுக்குக் கூப்பிடுவார்கள், அங்கே பேட்டா உண்டு. வீட்டில் "சும்மா எதுக்குப் போறே" என்று கேட்கிறவர்களுக்கும் அது ஒரு பதில். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பையே சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அவ்வளவு பெரிய போட்டியைக் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு பெரிய வேலையா?

ஆட்ட நேரமும் ஒன்று. ஆண்கள் ஆட்டம் காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும், பெண்கள் ஆட்டம் பதினொன்றரைக்கு, இதுதான் நான் பார்த்த இடங்களில் வழக்கம். கேட்டால், "நீங்க சமைச்சு முடிச்சு வர வசதியா இருக்கும்னுதான்" என்றார் ஒருவர், நல்ல மனசோடுதான் சொன்னார். அதைக் கேட்டு நான் என்ன சொன்னேன் என்பதை நீங்கள் அச்சில் போட மாட்டீர்கள்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த முறை பெண்கள் மாஸ்டர்ஸ் ஆட்டம் பற்றிச் செய்தி போடும்போது கோப்பை கொடுத்தவர் பெயருக்குக் கீழே ஸ்கோர் எழுதியவர் பெயரும் வரட்டும், ஒரு வரி போதும். அந்தக் கவசம் பொறுக்கிய பிள்ளைகள் அதை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்வார்கள்.

பொங்கல் முடிந்ததும் எங்களுக்கு மறுபடி ஆட்டம் இருக்கிறது. இந்த முறை ஸ்டாப்வாட்ச் ஒன்று வாங்கிவிட்டேன், 350 ரூபாய், சொந்தக் காசுதான். உங்கள் நிருபர் வந்தால் பெயர்ப் பட்டியலை நானே எழுதித் தருகிறேன், டேபிளில்தான் இருப்பேன். போன் பையில் இருக்கும், அடித்தால் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் வீராங்கனை,
கோவில்பட்டி