செபஸ்தியார் அம்பால் சாகவில்லை

ஆசிரியருக்கு,

ரோமானிய மறைசாட்சி (விசுவாசத்துக்காக உயிர் விட்டவர்) புனித செபஸ்தியார் பற்றிய கட்டுரையில் அவர் அம்பு தைத்து இறந்ததாக வந்திருக்கிறது. அம்பு தைத்த வாலிபராக அவரைக் காட்டும் சுரூபத்தைப் பார்த்துப் பார்த்து வரும் பிழை இது. 5ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வரலாற்றின்படி, அம்பு பாய்ந்தும் உயிர் இருந்தது. ஐரீன் என்ற விதவை மருந்திட்டுத் தேற்றினார். செபஸ்தியார் மீண்டும் போய் ரோமப் பேரரசன் தியோக்ளேசியனை முகத்துக்கு நேரே கண்டித்ததால், தடியால் அடித்துக் கொன்று சாக்கடையில் வீசினார்கள். (பாவம், தடியை எந்தச் சிற்பியும் செதுக்குவதில்லை!)

அந்த வாலிப உருவமும் பிற்காலத்தது. ரோமில் சங்கிலி பேதுரு ஆலயத்தில் உள்ள 7ஆம் நூற்றாண்டு மொசைக்கில் (சிறு வண்ணக் கற்கள் பதித்த ஓவியம்) அவர் நரைத்த தாடிக்காரர். அரசவை உடை, கையில் கிரீடம். அம்பு ஒன்றுகூட இல்லை.

உறுதியான பழைய சான்று சிறியது: 354ஆம் ஆண்டு ரோமானிய நாட்காட்டி. அதில் இருப்பது அவர் பெயர், ஜனவரி 20, ரோமின் ஆப்பியா சாலை நிலவறைக் கல்லறை, அவ்வளவுதான். மறைசாட்சி இறந்த நாளையே பிறந்தநாளாக எண்ணிக் கல்லறையில் கூடுவது அக்கால வழக்கம். இன்றும் திருவிழா அதே தேதியில்தான்.

ஒரு வாசகர்