முத்தத்துக்கு முன் நான்கு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உணவு அலர்ஜி பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் குழந்தைகளோடு நின்றுவிடுகின்றன. அந்தக் குழந்தைகள் வளர்ந்து காதலிக்கவும் செய்வார்கள். அவர்களோடு பழகுகிறவர் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதைக் கூச்சத்தால் நாம் பேசுவதே இல்லை. ‘அவள் முன்னால் அதைச் சாப்பிட மாட்டேன், அது போதாதா?’ என்று கேட்கும் காதலர்கள் நிறையப் பேர். போதாது. சந்திப்பதற்கு முன் என்ன சாப்பிட்டோம் என்பதுதான் முக்கியம்.

வேர்க்கடலை சாப்பிட்டவரின் எச்சிலில் அதன் புரதம் தங்கியிருக்கும். கடுமையான அலர்ஜி உள்ளவருக்கு ஒரு முத்தத்தில் போய்ச் சேரும் அளவே ஆபத்தாகலாம். அமெரிக்காவில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், வேர்க்கடலை வெண்ணெய் சாப்பிட்டவர்களின் எச்சிலைச் சோதித்தார்கள். ஒரு மணி நேரத்தில் பெரும்பாலானவர்களிடம் புரதம் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, சிலரிடம் குறையவில்லை. சில மணி நேரம் போய், கடலை சேராத சாப்பாடு ஒன்றையும் சாப்பிட்ட பிறகுதான் ஒருவர் வாயிலும் அது தென்படவில்லை. பல் துலக்குவதும் வாய் கொப்பளிப்பதும் அளவைக் குறைக்கும், ஆனால் அவற்றை மட்டும் நம்பி இருக்க முடியாது. அதனால்தான் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, நடுவில் அந்தப் பொருள் இல்லாத ஒரு வேளை உணவு, பிறகு பல் துலக்கல் என்று சொல்கிறோம். பால், முட்டை, இறால் எதுவானாலும் இதே எச்சரிக்கை நல்லது. சந்திக்கிற நாளில் அதைத் தொடாமலே இருந்துவிடுவது இன்னும் சுலபம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அல்லது ஈரத் துடைப்பான் தாளால் அழுத்தித் துடைக்க வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது. இந்த ஒரு விஷயத்தில் படித்தவர்களே தவறுகிறார்கள். மீசை, தாடி வைத்திருப்பவர்கள் அதையும் கழுவ வேண்டும். உதட்டுக்குத் தடவும் பசை, தாடி எண்ணெய், மசாஜ் எண்ணெய் ஆகியவற்றில் பாதாம் எண்ணெயோ எள் எண்ணெயோ இருக்கலாம், லேபிளைப் பாருங்கள்.

அன்போடு சமைத்துக் கொடுக்கும்போதுதான் தவறு அதிகம் நடக்கிறது. வறுத்தாலும் பொரித்தாலும் வேர்க்கடலைப் புரதம் அழிவதில்லை. வறுக்கும்போது அதன் வீரியம் கூடவும் செய்கிறது. ஏற்கெனவே பொரித்த எண்ணெய், மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் ஒட்டிய விழுது, கீறல் விழுந்த மரக்கரண்டி, இரண்டு டப்பாக்களுக்கும் பொதுவாகப் போடும் ஸ்பூன் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் பரிமாறுவது பாதுகாப்பே அல்ல. அவருக்கான உணவை முதலில், சுத்தமான பாத்திரத்தில் சமைத்து மூடி வையுங்கள். பாக்கெட் உணவின் லேபிளை ஒவ்வொரு முறையும் படியுங்கள். போன மாதம் வாங்கியதே என்றாலும் சேர்மானம் மாறியிருக்கலாம். ‘வேர்க்கடலை இருக்கக்கூடும்’ என்பது போன்ற எச்சரிக்கையுள்ளதைச் சென்ற முறை சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த பாக்கெட்டுக்கு உத்தரவாதம் அல்ல.

ஓட்டலில், பரிமாறுபவரிடம் ‘இதில் கடலை உண்டா?’ என்று மட்டும் கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரும். எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள், அதே வாணலியில் வேறு என்ன செய்கிறீர்கள் என்று சமைப்பவரிடமே கேட்கச் சொல்லுங்கள். உங்கள் துணை இதைக் கேட்கும்போது சங்கடத்தில் நெளியாதீர்கள், ‘கொஞ்சம்தானே’ என்றும் சொல்லாதீர்கள். மது, கடும் உடற்பயிற்சி, சில வலி மாத்திரைகள் ஆகியவை எதிர்வினையை மோசமாக்கக்கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் விபத்து நடக்கலாம். குரல் கரகரத்தல், தொண்டை இறுகுதல், இளைப்பு, தொடர் வாந்தி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் தோலில் தடிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிலருக்குத் தடிப்பே வராது. அலர்ஜி மாத்திரை அரிப்பை அடக்கும். அடைக்கும் தொண்டையைத் திறக்காது, விழுகிற ரத்த அழுத்தத்தைத் தூக்காது. முதல் மருந்து அட்ரினலின். துணையிடம் இருக்கும் ஊசிப் பேனாவை, அதாவது அட்ரினலின் நிரப்பிய பேனா வடிவ ஊசியை, முஷ்டியால் பிடியுங்கள். இரு முனையிலும் கட்டைவிரலை வைக்காதீர்கள். தலைகீழாகப் பிடித்து, பதற்றத்தில் தன் விரலிலேயே குத்திக்கொள்கிறவர்கள் உண்டு. பாதுகாப்பு மூடியை எடுத்துவிட்டு, தொடையின் நடுப்பகுதியில் வெளிப்பக்கமாக, துணியின் மேலேயே, சத்தம் கேட்கும்வரை அழுத்தி, பேனாவில் எழுதியிருக்கும் விநாடிகள் வரை அப்படியே பிடியுங்கள்.

பிறகு படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்கார வைக்கலாம். எழுந்து நிற்க விடாதீர்கள். முகம் கழுவவோ வண்டி வரை நடக்கவோ கூடாது. சட்டென்று நிமிர்ந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து உயிர் போயிருக்கிறது. ஆம்புலன்ஸை அழையுங்கள். 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது பேனா. இரண்டு கையில் இருக்கச் சொல்வது இதற்காகத்தான். சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் மீண்டும் வரலாம்.

பேனாவை வெயிலில் நிற்கும் காரிலும் வைக்கக்கூடாது, ஃபிரிட்ஜிலும் வைக்கக்கூடாது. காலாவதித் தேதியை இருவருமே தெரிந்து வைத்திருங்கள். ஊசி இல்லாத பயிற்சிப் பேனா கிடைத்தால், துணையிடமிருந்து கற்று ஒருமுறையாவது குத்திப் பாருங்கள்.

தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் பேனாவைப் பிடிக்கும் விதத்தையும் தொடையில் குத்தும் இடத்தையும் படமாகப் போட்டு, முத்தம் பற்றிய எச்சரிக்கையையும் அதே பக்கத்தில் ஒளிவுமறைவின்றி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒவ்வாமைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்