‘ஒஸ்கார் போட்டியில்’ என்று தலைப்புப் போடுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பேப்பர் வாங்காத வீட்டுக்காரரும் சலூனில் காத்திருக்கும்போது முதலில் உருவி எடுப்பது உங்கள் ஞாயிறு சினிமாப் பக்கத்தைத்தான். அந்தப் பக்கத்தில் ‘ஒஸ்கார் போட்டியில்’, ‘கான் விழாவில்’, ‘இத்தனை கோடி வசூல்’ என்ற மூன்றும் சென்னைச் செய்திகளில் வந்தபடியே, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கப்படாமல் அச்சாகின்றன.

2025 ஜனவரியில் ‘கங்குவா’ ஒஸ்காருக்குள் நுழைந்துவிட்டது என்று பரவிய செய்தியை எடுங்கள். ‘இந்தப் படங்களுக்கு நீங்கள் வாக்குப் போடலாம்’ என்று ஒஸ்காரைக் கொடுக்கும் அமெரிக்க அக்கடமி வருடாவருடம் தன் உறுப்பினர்களுக்கு ஒரு பட்டியல் வெளியிடும். அந்த முறை அதில் 323 படங்கள். சிறந்த படம் என்ற பிரிவுக்குத் தகுதியானவை 207. இதில் இடம்பெற ஒரு நடுவரும் படத்தைப் பார்க்க வேண்டியதில்லை. படம் 40 நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டும். லொஸ் ஏஞ்சல்ஸ், நியூயோர்க், சிக்காகோ என்று குறித்துவைத்த ஆறு நகரப் பகுதிகளில் ஒன்றிலாவது தொடர்ந்து ஏழு நாள், நாளுக்கு மூன்று காட்சியாவது ரிக்கற் விற்று ஓடியிருக்க வேண்டும். பிறகு படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். சிறந்த படப் பிரிவென்றால் இன்னும் சில நகரங்களில் ஓட வேண்டும், நடிகர், படக்குழு ஆகியோரின் பன்முகத்தன்மை பற்றிய விதிகளையும் நிறைவேற்ற வேண்டும். ஏ.எல். சோதனைக்கு விண்ணப்பம் போட்ட பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்துவிட்டது என்று நீங்கள் செய்தி போடுவீர்களா?

பிறமொழிப் படங்களுக்கான பிரிவு வேறு. அதற்கு ஒரு நாடு ஒரு படம்தான் அனுப்பலாம். வந்தவற்றில் 15 படங்களைச் சுருக்கி எடுத்து, அதிலிருந்து 5 படங்களைப் பரிந்துரைப்பார்கள். ‘கூழாங்கல்’ 2021 இல் இந்தியா அனுப்பிய படம். அந்த 15 க்குள் அது வரவில்லை. ஆனால் அதே வருடம் ரொட்டர்டாம் விழாவின் முதன்மைப் போட்டியில் டைகர் விருதை வென்றிருந்தது. அந்தப் படத்துக்கு உரிய பெருமை அதுதான்.

பிரான்ஸில் நடக்கும் கான் திரைப்பட விழா இன்னும் சிக்கலானது. ஒரே ஊர், ஒரே பத்துப் பன்னிரண்டு நாட்கள், ஆனால் உள்ளே போகப் பல வாசல்கள். பாம் டோர் என்ற தங்கப் பனை, முதன்மைப் போட்டியில் உள்ள இருபது சொச்சம் படங்களுக்குள் ஒன்றுக்குத்தான் கிடைக்கும். அன் சேர்த்தான் ரெகார் என்ற தனிப் பிரிவு, நள்ளிரவுக் காட்சி, சிறப்புக் காட்சி ஆகியவையும் அதிகாரபூர்வத் தெரிவுதான். ஆனால் தங்கப் பனைக்குப் போட்டியிடுபவை அல்ல. விமர்சகர் வாரம் 1962 இலிருந்தும் இயக்குநர் இருவாரம் 1969 இலிருந்தும் பக்கத்திலேயே தனி அமைப்புகளாக நடக்கின்றன. இவற்றைவிட 1959 இல் தொடங்கிய படச்சந்தை ஒன்று அங்கே உண்டு. அங்கு படத்தை விற்க வந்தவர் காசு கட்டி மண்டபத்தை எடுத்து, வாங்க வந்தவர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டுவார். அதுவும் கான் நகரில் நடந்த திரையிடல்தான், பொய்யில்லை. தமிழ்நாட்டில் இருந்து ‘கானில் திரையிடப்பட்டது’ என்று ஒரு சுவரொட்டி வந்தால் முதலில் கேட்க வேண்டியது எந்த வாசல் என்று. விழாவின் இணையத்தளத்தில் அந்த வருடத் தெரிவுப் பட்டியலைத் திறந்து பெயரைத் தேட இரண்டு நிமிடம் போதும்.

வாசலைச் சொன்னால்தான் உண்மையான சாதனையும் தெரியவரும். இலங்கை இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ 1957 இல் முதன்மைப் போட்டியிலேயே இருந்தது. 2005 இல் இன்னொரு இலங்கை இயக்குநர் விமுக்தி ஜயசுந்தர பெற்ற கெமரா டோர், எந்தப் பிரிவில் வந்தாலும் முதற்படம் எடுத்தவர்களுக்கு உரிய விருது. அவர் படம் இருந்தது அன் சேர்த்தான் ரெகாரில். அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரத்தில் நடித்து, பெரும்பகுதி தமிழிலேயே பேசப்பட்ட பிரெஞ்சுப் படம் ‘தீபன்’ 2015 இல் தங்கப் பனையையே வென்றது. 2024 இல் இந்திய இயக்குநர் பாயல் கபாடியாவுக்குக் கிடைத்த கிராண்ட் பிரி, பெயரில் ‘பெரும் பரிசு’ என்றிருந்தாலும் இரண்டாம் இடம். அதை ‘முதற் பரிசு’ என்று மொழிபெயர்த்தால் பிழை. எத்தனை நிமிடம் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்ற கணக்கையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். படக்குழு மண்டபத்தில் நிற்கும்வரை தட்டுவது அங்கே ஒரு மரியாதை.

வசூலுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. இந்தியாவில் 236 ரூபா ரிக்கற்றில் 36 ரூபா ஜி.எஸ்.டி. என்ற வரி. மிச்சம் 200 தான் நிகரம். அதில் தியேட்டர்காரரின் பங்கு போக வருவதுதான் விநியோகஸ்தருக்கு. சுவரொட்டியில் இருப்பது பெரும்பாலும் அந்த 236. ‘நூறு கோடி’ என்று போடும்போது எந்த ரூபா என்றும் சொல்லுங்கள். எங்கள் இலங்கைக் காசில் அது மூன்று மடங்குக்கும் மேலே.

இனி விமர்சனம். சென்னையில் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவர் எழுதியது, இங்கே வேறு திரையில் பார்க்கப்போகிறவருக்கு அரைகுறையாகத்தான் உதவும். ‘கொட்டுக்காளி’யைப் போலப் பின்னணி இசையே இல்லாத படத்தை நினைத்துப் பாருங்கள். ஓட்டோ இரைவதும் ஆட்கள் முணுமுணுப்பதும்தான் அதன் இசை. தியேட்டர் ஒலிப்பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இலக்கம் 7 இல் நின்றால்தான், ஒலிக்கலவை செய்தவர் கேட்ட அளவு எங்களுக்கும் கேட்கும். அடிதடிப் படம் ஒன்றுக்குச் சனம் ‘காது கிழியுது’ என்று முறையிட, அதை 4 க்கு இறக்குவார்கள். அது 10 டெசிபல் குறைவு; காதுக்கு ஏறத்தாழ அரைவாசிச் சத்தம். அடுத்த வாரம் அமைதியான படம் வரும், இலக்கமோ 4 இலேயே நிற்கும். ‘வசனம் விளங்கவில்லை, இயக்குநர் கவனிக்கவில்லை’ என்று விமர்சனம் வரும்.

வெளிச்சமும் இதே கதைதான். சாதாரண 2டி படத்துக்குத் திரையின் நடுவில் சதுர மீற்றருக்கு 48 கண்டெலா வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாவின் நியமம். விளக்கு பழசானால் குறையும்; புரொஜெக்டர் அறைக் கண்ணாடியில் தூசி படிந்தால் குறையும்; 3டி படத்துக்குப் போட்ட வடிகட்டியைக் கழற்ற மறந்தால் மோசமாகவே குறையும். கறுப்பில் தெரியாது, வெள்ளையில் பாருங்கள். உபதலைப்பு எழுத்து சாம்பலாகத் தெரிந்தால் ஒளிப்பதிவாளரைக் குறைசொல்ல அவசரப்பட வேண்டாம்.

சட்டகத்திலும் பிழை பிடிக்கலாம். அகலப் படத்தின் அகலமும் உயரமும் 2.39 க்கு 1, மற்றதில் 1.85 க்கு 1. அகலப் படத்தை அகலம் குறைந்த திரையில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். அதை நிரப்பப் படத்தைப் பெருப்பித்தால் இரு பக்கமும் வெட்டுப்படும். எழுத்தோட்டத்தில் பெயரின் முதலெழுத்துத் திரைச்சீலைக்குள் போயிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஆனால் விழாப் படங்கள் சில பழைய 4:3 அளவிலேயே எடுக்கப்படுகின்றன. அவற்றுக்கு இரு பக்கமும் கறுப்பு நிற்பது சரியே, தியேட்டர்காரரோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

நீளத்தைப் பற்றியும் ஒன்று. தணிக்கை இந்தியாவில் வேறு, இங்கே பொது அரங்காற்றுகைச் சபை வேறு. அதனால் இங்கே ஓடும் பிரதியின் நீளத்தை இங்கேதான் அளக்க வேண்டும். தியேட்டரில் படம் செக்கனுக்கு 24 சட்டகம் ஓடும். மண்டபக் காட்சிகளில் ‘பால்’ (PAL) என்ற பழைய தொலைக்காட்சி முறை டி.வி.டி.யைப் போட்டால் 25 ஓடும். 150 நிமிடப் படம் 144 இல் முடியும், குரல்களும் சற்றுக் கீச்சென்றிருக்கும். அதை ‘ஆறு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள்’ என்று எழுதிவிடக் கூடாது.

2015 இலிருந்து யாழ்ப்பாணத்துக்கென்றே ஒரு சர்வதேசத் திரைப்பட விழா இருக்கிறது. விழாப் படங்கள் தியேட்டர்ப் படம் போல வாரக்கணக்கில் ஓடுவதில்லை. விழா முடிந்த ஞாயிறு வரும் விமர்சனத்தை வைத்து வாசகர் என்ன செய்வது? தொடங்க முந்திய ஞாயிறே படத்தின் மொழி, உபதலைப்பின் மொழி, நீளம், முன்னர் எந்த விழாவின் எந்தப் பிரிவில் இருந்தது என்பவற்றைப் போடுங்கள். உபதலைப்புத் தமிழில் இல்லை என்று முன்கூட்டியே தெரிந்தால் அம்மாவைக் கூட்டிப் போவதா என்று வீட்டில் முடிவெடுக்கலாம்.

வழமையான விமர்சனங்களுக்கு அடியிலும் நட்சத்திரங்களை எடுத்துவிட்டு, எந்தத் தியேட்டர், எத்தனை மணிக் காட்சி, எத்தனை நிமிடம், படமும் சத்தமும் எப்படி என்று நான்கு வரி சேருங்கள். வாசகர்களுக்கும் ஒன்று: மங்கலோ வெட்டோ தெரிந்தால் முதல் பத்து நிமிடத்துக்குள் எழுந்துபோய் வாசலில் நிற்பவரிடம் சொல்லுங்கள். இடைவேளைக்குப் பிறகு சொன்னால் ‘இனி முடியப்போகுது’ என்பார்கள்.

இப்படிக்கு,
சினிமாப் பக்க வாசகன்,
கொக்குவில்.