முதல் வகுப்பில் மைப்புட்டியைத் திறக்காதீர்கள்

சுமி-ஏ என்னும் ஜப்பானியக் கறுப்பு மை ஓவிய வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு நானும் அப்படி ஒரு வகுப்பில் சேர்ந்தேன். உட்கார்ந்ததும் ஆளுக்கொரு கிண்ணத்தில் புட்டி மையை ஊற்றிக் கொடுத்தார்கள். மூங்கில் வரைந்தோம், போட்டோ எடுத்துக்கொண்டோம், கிளம்பினோம். இந்தக் கலை எங்கிருந்து வந்தது, ஏன் கறுப்பு மட்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் நானாகத் தேடிப் படித்து, மைக்கட்டி ஒன்றும், அதைத் தண்ணீர் விட்டு இழைக்கும் மைக்கல் ஒன்றும் வாங்கினேன். அதற்குப் பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. தயவுசெய்து தூரிகைக்கு முன்னால் மாணவர் கையில் மைக்கட்டியைக் கொடுங்கள்.

ஜப்பானில் மைக்கட்டிக்குப் பேர்போன ஊர் நாரா. 1577இல் தொடங்கிய கோபைஎன் கடை அங்கே இன்றும் மை செய்கிறது. எண்ணெய் விளக்குக்கு மேல் படியும் கரியை வழித்தெடுத்து, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையோடு சேர்த்து, மாவு பிசைவது போலப் பிசைந்து மர அச்சில் அழுத்துவார்கள். வெயில் காலத்தில் பசை கெட்டுவிடும். அதனால் குளிர்மாதங்களில்தான் வேலை. அச்சிலிருந்து எடுத்ததை அப்படியே காயவைத்தால் வெடித்துவிடும். சாம்பலுக்குள் புதைத்து, சாம்பலை மாற்றி மாற்றி ஈரத்தை மெல்ல இழுக்கிறார்கள். பிறகு வைக்கோலில் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் உலர விடுகிறார்கள்.

சந்தனக் கட்டையை இழைத்த கைகளுக்கு மைக்கட்டியை இழைப்பது புதிதல்ல. மைக்கல்லின் மேட்டுக்கு நிலம் என்றும், மை சேரும் பள்ளத்துக்குக் கடல் என்றும் பெயர். நிலத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அழுத்தாமல் வட்டமாக இழைக்க வேண்டும். பச்சைக் கற்பூரம் போல ஒரு வாசனை எழும். தண்ணீர் முதலில் சாம்பல் நிறமாகும், கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டு எண்ணெய் போல மினுங்கும். எந்தக் கறுப்பில் நிறுத்துவது என்பதை இழைப்பவர்தான் முடிவு செய்கிறார். புட்டி மையிலும் தண்ணீர் கலக்கலாம்தான், ஆனால் அந்தக் கறுப்பு பிறப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது.

வரலாற்றையும் சொல்லுங்கள். இது சீனத்திலிருந்து ஜென் பௌத்தத் துறவிகளோடு ஜப்பானுக்கு வந்த கலை. செஷ்ஷு என்ற துறவி 1467இல் கப்பலேறி, மிங் வம்சம் ஆண்ட சீனத்துக்கே போய்க் கற்றுத் திரும்பினார். 1495இல், 76ஆம் வயதில், ஊர் திரும்பும் சீடருக்காக அவர் வரைந்த மலைக்காட்சி டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் பார்த்தால் மையைச் சிந்திவிட்டது போலத்தான் தெரியும். கூர்ந்து பார்த்தால் பாறையடியில் ஒரு கூரை, மதுக்கடைக் கொடி, தண்ணீரில் சின்னப் படகு. படத்தின் மேலே தன் கைப்பட, சீனத்தில் யாரிடம் கற்றேன் என்று சொல்லி, தனக்கு முந்தைய ஜப்பானிய ஓவியர்கள் ஜோசெட்சுவையும் ஷூபுனையும் போற்றியும் எழுதியிருக்கிறார். மூங்கிலைக் காட்டுவதற்கு முன் இந்தப் படத்தைக் காட்டுங்கள். 'ஒரே மூச்சில் போடும் படம்' என்று நீங்கள் சொல்லும்போது, அந்த மூச்சுக்குப் பின்னால் எத்தனை வருடம் இருந்தது என்று மாணவருக்குப் புரியும்.

கல்லும் கட்டியும் செலவுதானே என்பீர்கள். சரி, நான்கு பேருக்கு ஒரு கல் போதும். அதுவும் முடியாதென்றால், அடுத்த வகுப்பு என்றைக்கு என்று மட்டும் சொல்லுங்கள். என்னுடையதைக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்களைப் போன்ற ஓர் ஆசிரியரிடம் படித்த மாணவி